மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

நான் ஓய்வு பெற்ற அன்று கராஜில் என்னோடு வேலை செய்தவர்கள் எனக்கு ஒரு பித்தளைச் செம்பு பரிசளித்தார்கள். மாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம் என்று வழக்கமானதையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, பூப்போட்ட தாளில் சுற்றிய அந்தச் செம்பைக் கடைசியாகக் கையில் வைத்தார்கள். தாளைப் பிரித்ததும் கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புதிதாக வந்திருந்த தோட்ட மேனேஜர், எங்கள் பேச்சில் பெரிய துரை, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்குத் தானும் சிரித்து வைத்தார்.

அதற்குச் சற்று முன்புதான் ஒருவர் மைக்கைப் பிடித்து, "சுப்பையா அண்ணன் கைய வச்சு ஒரு வண்டிகூடத் தப்பாப் போனதில்ல" என்று பேசியிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அடக்கம் என்று பலர் நினைத்திருப்பார்கள். உண்மையில் நான் டிரைவர் மகாலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் குனிந்திருந்தேன்.

இப்போது எங்கள் கராஜில் உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருக்கிறது. வண்டியில் சொருகினால், எங்கே கோளாறு என்று போனிலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. "இது இல்லாத காலத்துல எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று புதிய மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். அறிவை வளர்க்கக் கேட்கவில்லை. செம்புக் கதையை என் வாயாலேயே வரவழைக்கக் கேட்கிறார்கள். ஊரெல்லாம் கை, கால், மூக்கு வைத்துச் சொல்லும் கதையை, கெடுத்தவன் நானே ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் தோட்டம் இலங்கையில், கஹவத்தைப் பக்கம். மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை, அதன் முதுகில் கராஜ். லொறி கழுவும் கிளீனராகச் சேர்ந்தேன். சத்தத்தைக் கேட்டும் புகையின் நிறத்தைப் பார்த்தும் வியாதி சொல்லக் கற்றுக்கொண்டேன். பிறகு இரத்தினபுரியில் ஒரு வாரம் வகுப்பு நடந்தது. புது மாதிரி இயந்திரங்களில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும், டீசலை எவ்வளவு விடுவது என்று அதுதான் தீர்மானிக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்தது பாதி. சான்றிதழ் மட்டும் முழுதாகக் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டுக் கராஜ் சுவரில் மாட்டினேன். ஆணி அடித்த நாளிலிருந்து என் பெயர் 'கம்ப்யூட்டர் டாக்டர்'. அந்தப் பட்டத்தை யார் வைத்தது என்று கேட்பவர்களிடம் தெரியாது என்றுதான் சொல்லிவருகிறேன். நான்தான் வைத்துக்கொண்டேன்.

கம்பனியின் நாலைந்து தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரே இஞ்சினியர். பெயர் ஜயசேன. சிங்களத்தில் ஐயா என்பதுபோல், நாங்கள் ஜயசேன மாத்தையா என்போம். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கும். வண்டியைக் காட்டினால் முதல் பத்து நிமிடம் எதையும் தொடமாட்டார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே சுற்றி வருவார். குனிந்து பார்ப்பார், மோந்து பார்ப்பார். நாங்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, எழுதுவதற்கு முன் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "தெக்கத, ஹிதுவத?" பார்த்தாயா, நினைத்தாயா? பார்த்தேன் என்றால் எழுதுவார். நினைத்தேன் என்றால் பென்சிலைத் திரும்பப் பையில் போட்டுவிடுவார்.

நான் முதன்முதலாக அந்தக் கேள்வியில் அகப்பட்டது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றில். கிளம்பவில்லை. டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றி இரத்தினபுரிக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார், சுற்றினார், துடைத்தார். "டாங்கில் டீசல் இருக்கிறதா?" "பாதி டாங்க் இருக்கு மாத்தையா, முள்ளு காட்டுது." "தெக்கத, ஹிதுவத?" ஒரு குச்சியை விட்டுப் பார்த்தோம். குச்சி காய்ந்தபடியே வெளியே வந்தது. முள்தான் பாதியில் சிக்கி நின்றிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. குச்சியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இனி டபுள் கேப்புக்கு வருகிறேன். உதவி மேனேஜரான சின்ன துரை ஒருவர் ஓட்டி ஓய்ந்த, இரண்டு வரிசை சீட்டுள்ள பழைய பிக்கப் வண்டி அது. பின்னால் கூடு கட்டி, பெஞ்சு போட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரி வண்டியாக்கியிருந்தோம். ஓட்டியவன் மகாலிங்கம். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். லைசன்ஸ் எடுத்து, ஒவ்வொரு துரையிடமும் மனுக் கொடுத்து, ஒன்பது வருடம் காத்திருந்து அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தவன். தன் வீட்டுக் கதவைக்கூட அவ்வளவு மெதுவாகச் சாத்தமாட்டான், அந்த வண்டிக் கதவை அப்படிச் சாத்துவான்.

அந்த வருடம் மழை தொடங்கியதும் வண்டி சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. ஏற்றத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வேகம் எடுக்காது. இஞ்சின் முனகி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். முன்பலகையில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அந்த மாதிரி வண்டியில் கம்ப்யூட்டரைப் பேசவைக்க ஒரு வழி உண்டு. பொனட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். எத்தனை சிமிட்டல், எத்தனை இடைவெளி என்று எண்ணிக் கோளாறின் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கராஜ் முழுவதையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு எண்ணினேன். சிமிட்டலை எண்ணுவதற்கு எதற்கு மௌனம் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் அல்லவா.

மூன்று எண்கள் வந்தன. ஆக்சிலேட்டர் சென்சர், தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சர், காற்றழுத்தம் பார்க்கும் சென்சர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே நேரத்தில் படுத்தால், மூவருக்கும் சோறு போடும் இடத்தில்தான் கோளாறு என்று இரத்தினபுரி வகுப்பில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அது எனக்குப் புரியாத பாதியில் இருந்தது. நான் ஒவ்வொரு சென்சராக மாற்ற ஆரம்பித்தேன்.

முதலாவதை மாற்றினேன். நான்கு நாள் நன்றாக ஓடியது. சான்றிதழைத் துடைத்து வைத்தேன். ஐந்தாம் நாள் நின்றது. இரண்டாவதை மாற்றினேன். மூன்று நாள். மூன்றாவதை மாற்றினேன். மகாலிங்கம் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுங்களா? காஞ்ச நாள்ல ஓடுதுங்க. மழை பேஞ்சு ஈரமா இருந்தாத்தான் நிக்குது."

"டிரைவர் வேலைய நீ பாரு. டாக்டர் வேலைய நான் பாத்துக்கிறேன்."

இப்படித்தான் சொன்னேன். முழு நோயையும் ஒரே வரியில் சொல்லிவிட்டான் பாவி. நான் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு கோயில் வளைவில் வண்டி நின்றுவிட்டது. பட்டப்பகல், நல்ல மழை. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து மழைக்கு மேலே பிடித்து, அவளைப் பெரிய ரோட்டுவரை நடத்திக் கூட்டிப்போய், ஓர் ஆட்டோவை மறித்து ஏற்றினார்கள். கஹவத்தை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. ஆனால் தோட்டம் கொதித்துப் போயிருந்தது. காரணத்தை எழுத்தில் கொடு என்று பெரிய துரை என்னிடம் கேட்டார்.

அன்றைக்குத்தான் நான் மீட்டரை எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து சென்சர்களுக்கு வரும் கரண்டை அளந்தேன். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் மூன்றும் சொச்சமும் வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஐந்து நிமிடம் பிடிக்கும். கம்ப்யூட்டர்தான் கெட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டி இருப்பது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருபவரின் கால்மாட்டில், இடது ஓரத்துப் பலகைக்குப் பின்னால். பலகையைக் கழற்றினேன். திருகாணிகள் துருவேறியிருந்தன. கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய ஈரத்தின் தடம் இருந்தது.

தண்ணீர் போயிருக்கிறது. வண்டி கழுவுவது யார்? டிரைவர். என் விசாரணை அவ்வளவுதான். மூன்று சென்சர்களை வீணாக மாற்றிய வெட்கம் வேறு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. யார் தலையிலாவது கட்டினால் தேவலை என்றிருந்தது. பேனாவை எடுத்து, நல்ல தமிழில் எழுதினேன்: 'சாரதி வாகனத்தின் உட்புறத்தில் குழாய் மூலம் நீர் பாய்ச்சிக் கழுவுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.'

நான் கண்டதில்லை. அவன் வாளியும் துணியுமாக வெளிப்புறத்தைத் துடைப்பதைத்தான் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்பவன் உள்ளேயும் அடித்திருப்பான் என்று நினைத்தேன். 'நினைக்கிறேன்' என்று எழுதினால் கையெழுத்துக்கு மேலே எடுப்பாக இருக்காது என்று 'நேரில் கண்டிருக்கிறேன்' போட்டேன்.

மறுநாள் காலைப் பிரட்டில், எல்லாருக்கும் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், மகாலிங்கத்தின் கையில் புல் வெட்டும் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை மலை. குற்றம் உறுதியானால் இனி எப்போதும் மலை. அத்தனை பேர் முன்னால் கத்தியை வாங்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். நான் அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் ஜயசேன மாத்தையா வந்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சிபாரிசு செய்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தைத் தயாராக நீட்டினேன். அவர் கைக்குட்டையை எடுத்தார்.

"பெட்டியைத் திறந்தாயா?"

"திறந்து என்ன ஆகப்போகுது மாத்தையா? செத்துப் போச்சு."

"செத்ததைத் தெக்கத, ஹிதுவத?"

ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தேன். நான்கு ஆணிகள். மூடியைத் தூக்கினார். வயர்கள் வந்து சேரும் மூலையில் செம்புக் கோடுகள் பச்சை பூத்திருந்தன. மயிரிழை போன்ற ஒரு கோடு அரித்து அறுந்தே போயிருந்தது. அந்தப் பச்சைக்கு மேலே, ஒழுகிக் காய்ந்த மாதிரி ஒரு மஞ்சள் கறை. அவர் பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இந்த மஞ்சள் என்ன சுப்பையா?"

"வண்டி செஞ்ச கம்பனியிலேயே பூசுற வார்னிஷா இருக்குங்க."

அவர் கேள்வியைக் கேட்கவில்லை. பென்சிலைப் பையில் போட்டார், அவ்வளவுதான். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்: "டிரைவர் குழாயில் அடித்தது மஞ்சள் தண்ணீரா என்ன?"

எனக்கு ஆயுத பூசை ஞாபகம் வந்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் கராஜில் ஆயுத பூசை என் தலைமையில்தான். பட்டை, சந்தனம், குங்குமம் எல்லாம் வண்டிகளுக்குப் போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு வண்டியை முன்னால் எடுப்போம். அந்த வருடம் ஆஸ்பத்திரி வண்டிக்குக் கண்ணேறு அதிகம் என்று சொல்லி, செம்பில் கரைத்த மஞ்சள் தண்ணீரோடு ஒரு பிடி கல்லுப்பையும் போட்டேன். தெளித்த மிச்சத்தோடு செம்பை முன்பலகையின் இடது ஓரத்தில் வைத்தேன். வண்டியை மகாலிங்கம் எடுக்கப்போனான். "இரு இரு, பெரியவன் எடுக்கணும்" என்று அவனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். லொறிக் கிளச்சில் பழகிய கால். வண்டி தவளைபோல் ஒரு குதி குதித்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. செம்பு சாய்ந்தது. தண்ணீர் முழுதும் இடது ஓரத்தில் இறங்கி மறைந்தது. "அபிஷேகம் ஆயிருச்சு, நல்ல சகுனம்" என்று நான்தான் முதலில் கைதட்டினேன்.

உப்புத் தண்ணீரைவிட மோசமான எதிரி இந்தப் பெட்டிக்குக் கிடையாது. காய்ந்து கிடந்த உப்பு ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தைக் குடித்து, கரண்டைக் களவாடிக்கொண்டு, செம்புக் கோட்டை அரித்திருக்கிறது.

ஜயசேன மாத்தையாவுக்கு இது தெரியாது. வார்னிஷ் என்று நான் அடித்துச் சொன்னால் மறுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. மூடியைப் போட்டு நான்கு ஆணிகளை முடுக்கினால் என் பெயர் பிழைத்துவிடும். வெற்றிலை போடலாம் என்று பையை அவிழ்த்தேன். சுண்ணாம்பை விரலில் எடுத்தேன். விரல் வெற்றிலைக்குப் போகவில்லை. மலையில் கத்தியோடு நிற்பவன் கண்ணுக்குள் வந்து நின்றான். கம்ப்யூட்டருக்குள் விரலைக் கொண்டுபோய் அந்த மஞ்சள் கறையின் ஓரத்தில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தேன்.

தொட்ட இடம் சிவந்தது. ஆலாத்தித் தட்டில் பார்க்கும் அதே சிவப்பு. வார்னிஷ் சிவக்காது. சுண்ணாம்பு பட்டால் சிவப்பது மஞ்சள்தான் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

"நான் ஊத்துனது மாத்தையா" என்றேன். செம்பு, உப்பு, கிளச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அவர் முழுவதையும் கேட்டார். பென்சிலை எடுத்து, "இப்போது பார்த்தது" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

"அந்த ரிப்போர்ட்டை யார் எழுதியது?"

"நாந்தாங்க."

"அப்படியென்றால் திருத்துவதும் நீதான். ஆனால் முதலில் இதைக் கழுவு."

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுக் கறையைக் கழுவினோம். பச்சையைச் சுரண்டினோம். அறுந்த கோட்டுக்கு, வயரிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி ஈயம் வைத்து ஒட்டினார் அவர். நான் லைட்டைப் பிடித்தேன். குண்டு பல்பின் சூட்டில் காயவைத்து, என் மகளின் நகப்பூச்சை மேலே தடவினேன். மாட்டி அளந்தால் ஐந்து வோல்ட், குறையாமல் வந்தது. நான் கழற்றி வீசிய மூன்று பழைய சென்சர்களையும் அவர் மாட்டிப் பார்க்கச் சொன்னார். மூன்றும் சுகமாக இருந்தன.

நேராக ஒப்பீசுக்குப் போய்ப் பெரிய துரையிடம் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். "அப்ப நான் யார விசாரிக்கிறது சுப்பையா, சாமியவா?"

"செம்ப வச்சவனங்க."

என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பழைய தாளை வாங்கி, 'நேரில் கண்டிருக்கிறேன்' என்ற சொற்களை அவர் முன்னால் அடித்துவிட்டு, நடந்ததைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மலைக்கு ஏறினேன். மகாலிங்கம் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"தெரியுங்கண்ணே" என்றான்.

"என்னத்தத் தெரியும்?"

"செம்பு சாஞ்சப்ப நான் கதவுகிட்டத்தானே நின்னேன். மேல இருந்தத தொடச்சதே நாந்தான்."

"அப்புறம் ஏன்டா நீ துரைகிட்டச் சொல்லல?"

கத்தியைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தான். "நீங்க என்னையப் பாத்தேன்னு எழுதிட்டீங்க. நான் உங்களப் பாத்தேன்னு சொன்னா, யாரு பேச்சுண்ணே எடுபடும்? செவுத்துல சட்டிபிக்கட் தொங்குறது உங்களுக்குத்தானே?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று சாயங்காலமே சான்றிதழைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இன்னும் இருக்கிறது. புதியவர்கள் அதில் மழைக்கோட்டு மாட்டுகிறார்கள்.

அந்த வண்டி அதற்குப் பிறகும் பல மழை பார்த்துவிட்டது. கோயில் வளைவில் நின்றதே இல்லை. பிரியாவிடை முடிந்து என்னை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதும் அதுதான், ஓட்டியதும் மகாலிங்கம்தான். மாலையும் கடிகாரமுமாக ஏறி உட்கார்ந்தேன். கை கொள்ளாததால் பரிசுச் செம்பை அவன் வாங்கி முன்பலகையில், அதே இடது ஓரத்தில் வைத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தண்ணி இல்லண்ணே, வெறுஞ் செம்புதான்" என்றான்.

"சரி சரி, எடு வண்டிய."

அவன் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தான்.

"சரின்னு நினைக்காதீங்கண்ணே. பாத்துட்டுச் சொல்லுங்க."

மாலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து, செம்புக்குள் எட்டிப் பார்த்தேன். விரலை விட்டும் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"பாத்துட்டேன்" என்றேன். அவன் வண்டியை எடுத்தான்.